திரைமொழியும் முதுமொழியும்

முதுகலை மாணவர் ஒருவர் தம் ஊரில் வழங்கும் பழமொழிகளைத் தொகுத்துச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் கொண்டுவந்தார். தொகுப்பு நன்றாகவே அமைந்திருந்தது. உழவு, மழை, மாடு, மாமியார் எனப் பொருள்வாரியாக வகுத்து, சொன்னவர் அகவையையும் சொன்ன சூழலையும் அருகே குறித்திருந்தார். அவற்றுள் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் கூறியதாக, “சபாஷ், சரியான போட்டி” என்னும் தொடரும் இடம்பெற்றிருந்தது. நாம் அதனைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘இது திரைப்பட வசனம், பழமொழி அன்று’ என ஓரத்தில் எழுதினோம். மாணவர் மறுத்துரைக்கவில்லை. “அந்தப் பாட்டி ஒரு படங்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னார், ஐயா” என்று மட்டும் கூறிச் சென்றார்.

அக்கூற்று நெடுநாள் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அத்தொடர் 1958ஆம் ஆண்டு வெளிவந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ என்னும் படத்தில் பி.எஸ். வீரப்பா பேசியது. பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும் காட்சியில், இருவரும் ஒருவருக்கொருவர் இளையாமை கண்டு அவர் கூறும் வியப்புரை அது. மூதாட்டி அந்நடனத்தைக் கண்டவர் அல்லர். பேசியவர் பெயரும் அறியார். ஆயினும் இருவர் விட்டுக்கொடாது வாதிடும்போது அதனைச் சொல்லவேண்டும் என்பதைப் பிழையற அறிந்திருந்தார். பிறர் வாய்க் கேட்டு, இடம் அறிந்து, பொருள் பிறழாது வழங்கும் ஒரு தொடரை, அதனைப் பெற்றவர் பெயர் நமக்குத் தெரியும் என்னும் ஒரே காரணத்தால் முதுமொழிக் கூட்டத்தினின்று விலக்குவது முறையாகுமா? நாம் இட்ட கோடு தவறானது என்பதே இக்கட்டுரையின் முடிபு. அம்முடிபுக்கு வந்த வழியை ஈண்டு விளக்குவாம்.

1. பெயரும் எல்லையும்

திரைப்படத்தினின்றும் தொலைக்காட்சியினின்றும் மக்கள் நாவிற்கு ஏறிய இத்தகைய தொடர்களை உலக வழக்கில் ‘பஞ்ச் டயலாக்’ என்பர். அப்பெயர் பெரும்பாலும் தலைமை நடிகரின் வீறுபட்ட பேச்சையே குறிப்பதால், எல்லாவற்றையும் அடக்கும் பொதுப்பெயராக ‘வழங்குதொடர்’ என்பதை இக்கட்டுரையில் ஆள்கின்றோம்.

மக்கள் விரும்பிக் கேட்ட வசனம் அனைத்தும் வழங்குதொடர் ஆகிவிடா. ‘பராசக்தி’ (1952), ‘மனோகரா’ (1954), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) ஆகிய படங்களின் உரையாடல்களை ஒரு தலைமுறையினர் வரிபிறழாமல் நெட்டுருச் செய்திருந்தனர். பள்ளி விழாக்களில் மேடையேறி முழங்கினர். ஆனால் அவை ஒப்பிக்கப்பட்டனவேயன்றி வழங்கப்பட்டன அல்ல. கட்டபொம்மன் ஜாக்சனிடம் பேசும் பேச்சைக் கேட்டவர் சிலிர்த்தனர்; மறுநாள் வரி கேட்டு வந்த நகராட்சி ஊழியரிடம் அதனைப் பேசினார் இலர். பேசினும் அது விளையாட்டே. ஒப்பித்தற்கு முழு உரையும் வேண்டும். வழங்குதற்கு நான்கைந்து சொற்களே வேண்டும். ஒப்பிப்பவன் வேறொருவனாக மாறுகின்றான். வழங்குபவன் தானாகவே நின்று, பிறன் சொல்லைத் தன் சொல்லாக்கிக்கொள்கின்றான். இவ்வேறுபாட்டை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

தொல்காப்பியர் செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் கூறுங்கால், கூர்மை, சுருக்கம், விளக்கம், எளிமை ஆகிய பண்புகளோடு, குறித்த பொருளை முடித்துக்காட்ட வந்து துணைநிற்றலையும் வேண்டுவர். அவ்விலக்கணத்தில் பழமை என்பது பெயரளவில் உள்ளதேயன்றி, இத்துணை ஆண்டு கடந்திருத்தல் வேண்டும் என்னும் வரையறை யாண்டும் இல்லை. யாத்தவர் பெயர் தெரியாதிருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. தொழிலால் நோக்கினால், முதுமொழி செய்யும் பணியைத்தான் வழங்குதொடரும் செய்கின்றது.

2. பரவிய வழி

திரையரங்கில் ஒருமுறை கேட்ட தொடர் ஊர் முழுதும் பரவுதற்கு இடைநின்ற கருவிகள் பல. முதலாவது, கதைவசன இசைத்தட்டு. ‘திருவிளையாடல்’ (1965) முதலிய படங்களின் உரையாடல்கள் தட்டுகளாக வெளிவந்து, திருமண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் ஒலிபெருக்கி வழியாக முழங்கின. படம் பாராதவரும் அவற்றைக் கேட்டனர். தருமிக்குப் பாட்டு அளித்த கதை மிகப் பழையது, குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைச் சுற்றி எழுந்தது, புராணத்திலும் இடம்பெற்றது. ஆயினும் இன்று “எனக்கில்லை, எனக்கில்லை” என்று ஒருவர் புலம்பினால், கேட்பார் செவியில் ஒலிப்பது புராணச் செய்யுள் அன்று, நாகேஷின் குரலே.

பின்னர் ஒலிநாடா வந்தது. ‘விதி’ (1984) என்னும் படத்தின் நீதிமன்ற உரையாடல் தேநீர்க் கடைதோறும் ஒலித்ததை அக்காலத்தில் வளர்ந்தவர் மறவார். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. தனியார் தொலைக்காட்சி 1993இல் சன் தொலைக்காட்சியோடு தமிழில் வேரூன்றியது. பிற்பட்டு நகைச்சுவைக் காட்சிகளை மட்டுமே நாள் முழுதும் ஒளிபரப்பும் அலைவரிசைகளும் தோன்றின. இறுதியாகக் கைப்பேசி வந்து, நடிகர் முகத்தோடு ஒரு வரியை ஒட்டிய ‘மீம்’ என்னும் படவடிவைப் பரப்பிற்று.

இவ்வரிசையில் ஓர் ஒழுங்கு காணப்படுகின்றது. இசைத்தட்டு கதையின் பெரும்பகுதியைக் காத்தது. நகைச்சுவை அலைவரிசை கதையைத் துறந்து காட்சியை மட்டும் வைத்துக்கொண்டது. மீம் காட்சியையும் துறந்து முகத்தையும் தொடரையும் மட்டும் கொண்டது. நாவில் வழங்குங்கால் முகமும் மறைந்து தொடர் ஒன்றே எஞ்சுகின்றது. ஒவ்வொரு படியிலும் சூழல் உதிர, தொடர் இலேசாகின்றது. இலேசான பொருளே தொலைவு செல்லும். மூதாட்டி பெற்றது இந்நான்காம் படியின் வடிவம் ஆகும்.

3. வீறுதொடரும் நகைத்தொடரும்

வழங்குதொடர்களைப் பேசுவோர் நிலை நோக்கி இரண்டாகப் பகுக்கலாம். தலைமை நடிகர் தம் ஆற்றல் தோன்றப் பேசுவன வீறுதொடர். நகைச்சுவை நடிகர் பெரும்பாலும் தம் தோல்வியிலோ திகைப்பிலோ பேசுவன நகைத்தொடர். எதிர்நிலை மாந்தர் பேசுவன இவ்விரண்டனுள் ஒன்றில் அடங்கும்.

‘பாட்ஷா’ (1995) படத்தில் ரஜினிகாந்த் பேசும் “நான் ஒரு தடவ சொன்னா, நூறு தடவ சொன்ன மாதிரி” என்பதும், ‘படையப்பா’ (1999) படத்தின் “என் வழி தனி வழி” என்பதும், ‘ரமணா’ (2002) படத்தில் மன்னிப்பு என்பது தமிழில் தமக்குப் பிடிக்காத சொல் என விஜயகாந்த் கூறுவதும் வீறுதொடர்கள். தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு எட்டனுள் இவை பெருமிதத்தின்பாற் படும். அரங்கில் இவற்றிற்கு எழுந்த ஆரவாரம் பெரிது.

எனினும் இவை பொதுமக்கள் நாவில் ஏறும்போது நேர்வது வியப்பிற்குரியது. வீட்டில் மகனிடம் தேநீர் வாங்கிவரச் சொல்லும் தந்தை, “நான் ஒரு தடவ சொன்னா…” என்று தொடங்கினால், மகன் அஞ்சுவதில்லை, நகைக்கின்றான். தந்தையும் நகைப்பித்தற்கே அதனைச் சொன்னார். சொல்லுக்கும் சொல்வோன் நிலைக்கும் இடையே உள்ள தொலைவே நகைக்குக் களனாகின்றது. நகை பிறக்கும் களன்களுள் ஒன்றாக எள்ளலைத் தொல்காப்பியர் கூறுவர். இவண் எள்ளப்படுவோன் பேசுவோன் தானே. ஆகவே வீறுதொடர் மக்கள் வழக்கிற்கு வரும்போது பெருமிதத்தை அரங்கிலேயே விட்டுவிட்டு நகையாக மாறியே வருகின்றது. அதன் உரிமை நடிகரிடமே நின்றுவிட, மக்கள் அதனை இரவல் பெறுகின்றனர்.

நகைத்தொடரின் நிலை வேறு. ‘சூரியன்’ (1992) படத்தில் கவுண்டமணி கூறிய “அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா” என்னும் தொடர், கட்சி மாறுவோரையும் கூட்டணி முறிவோரையும் பற்றிய பேச்சில் எத்தனை முறை வந்திருக்கும் என எண்ணிக் காண்டல் அரிது. அது நாளிதழ்த் தலைப்பில் வரும், தேநீர்க்கடையில் வரும், ஒருவர் பின் ஒருவராகப் பதவி இழக்கும் சங்கத் தேர்தலிலும் வரும். அதனைச் சொல்வோன் கவுண்டமணியைப் போலப் பேசிக் காட்டவேண்டியதில்லை. அவன் சொல்வதும் அவர் சொன்னதும் ஒன்றே. அதன்கண் தொலைவு இல்லை. ஆதலால் இரவலும் இல்லை. அது அவன் உடைமை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எளியது. வெற்றி சிலர்க்கே உரியது. திகைப்பும் ஏமாற்றமும் எல்லார்க்கும் உரியன. வடிவேலு பேசிய தொடர்கள் பிற நடிகர் எவருடைய தொடர்களையும்விடப் பெருவழக்குப் பெற்றமைக்கும் இதுவே காரணம் எனக் கருதுகின்றோம். அவர் ஏற்ற மாந்தர் பெரிதும் அடிபடுவோர். அடிபட்டதை மறைக்க முயல்வோர். மறைக்க இயலாமல் அகப்படுவோர். நம் நாள் வாழ்க்கையின் பெரும்பகுதி அத்தகையதே. நம் பழமொழிகளுள்ளும் யானை மிதித்தவன் பக்கம் நின்று பேசுவனவற்றினும், மிதிபட்டவன் பக்கம் நின்று பேசுவன மிகுதி என்பதைத் தொகுத்துப் பார்த்தோர் அறிவர்.

4. மூன்று தொடர்களின் அமைப்பு

ஒரு தொடர் நிலைபெறுதற்கு உணர்ச்சி மட்டும் போதாது. அதன் அமைப்பும் இடந்தரல் வேண்டும். மூன்று தொடர்களை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வாம்.

முதலாவது, “வரும், ஆனா வராது” என்பது. ‘தொட்டால் பூ மலரும்’ (2007) படத்தில் வடிவேலுவிடம் என்னத்தே கன்னையா கூறுவது. இதன்கண் வினையடி ஒன்றே. ஒருமுறை உடன்பாட்டிலும் மறுமுறை எதிர்மறையிலும் வந்து முரண்படுகின்றது. தொடரில் எழுவாய் இல்லை. தோன்றா எழுவாயாக எதனை வேண்டினும் வைத்துக்கொள்ளலாம். பேருந்து, மின்சாரம், குடிநீர், நிலுவைச் சம்பளம், பதவி உயர்வு ஆணை ஆகிய எல்லாம் வரும், ஆனால் வாரா. இரு முற்றும் அஃறிணைக்கு இயைந்து நிற்றலின், அலுவலகத்தில் காத்திருப்பவன் எதற்காகக் காத்திருப்பினும் இத்தொடர் பொருந்துகின்றது. வெற்றிடம் விட்டு அமைந்தமையே இதன் வலிமை. காத்திருத்தலின் துன்பத்தை இத்துணைச் சுருக்கமாகக் கூறும் தொடர் வேறொன்று நம் பேச்சுவழக்கில் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, “நானும் ரௌடிதான்” என்பது. ‘தலைநகரம்’ (2006) படத்தில் வடிவேலு ஏற்ற மாந்தன், தன்னையும் போக்கிரி என்று ஊர் மதித்தற்காகக் காவலர் வண்டியில் தானே ஏறிச் சிறைக்குச் செல்ல விழைந்து கூறுவது. இதன் நகை முழுதும் இரண்டு இடைச்சொற்களில் அடங்கியுள்ளது. ‘நானும்’ என்பதன் உம்மை எச்சவும்மை. போக்கிரிகள் வேறு சிலர் முன்னரே உளர் என்பதைத் தழுவி, அவர் கூட்டத்தில் இடம் வேண்டி இரக்கின்றது. ‘தான்’ என்பது பழைய தேற்றேகாரத்தின் இடத்தில் இக்காலப் பேச்சில் நிற்பது. ஐயத்திற்கு இடமில்லை எனத் துணிந்து கூறுகின்றது. ஒன்று கெஞ்சுகின்றது; மற்றொன்று மிஞ்சுகின்றது. மெய்யான போக்கிரிக்கு உம்மையும் வேண்டா, தேற்றமும் வேண்டா. தகுதி இல்லாத அவையில் இடம் கேட்பார் எவராயினும், அறிஞர் அவையில் இடம் கேட்பார் உட்பட, இத்தொடரின் எல்லைக்குள் வருவர். இதனையே ‘யானும் போக்கிரியே’ எனச் செந்தமிழாக்கினால் இலக்கணம் பிழைபடாது, தொடர் இறந்துபடும். வழங்குதொடரைத் திருத்தாமல் பேச்சுவடிவிலேயே பதிவுசெய்தல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. இத்தொடர் 2015இல் வேறொரு படத்திற்குப் பெயராகவும் ஆயிற்று.

மூன்றாவது, “என்ன கொடுமை சரவணன் இது” என்பது. ‘சந்திரமுகி’ (2005) படத்தில் மருத்துவர் சரவணனை நோக்கி, அவர் நண்பராக நடிக்கும் பிரபு மெய்யான துயரத்தோடு கூறுவது. அக்காட்சி நகைக்காக எழுதப்பட்டது அன்று. மனைவியின் நோயை அறிந்த கணவனின் அழுகைக்குரியது. மக்கள் அதனைத் தம் சிறு தொல்லைகளுக்கு எடுத்தாண்டு நகையாக்கினர். அடுத்து, ‘சென்னை 600028’ (2007) படத்தில் பிரேம்ஜி அமரன் வாயில் இது “என்ன கொடுமை சார் இது” என வந்தது. இயல்பு விளியாக இருந்த ஓர் ஆண்மகனின் பெயர் நீங்கி, எவரையும் விளிக்கும் பொதுச்சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், நம் கண்முன்னரே, ஒரு தொடர் தன் கதையினின்று கழன்று பொதுமையாயிற்று. பழைய பழமொழிகளில் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்திருக்கும் என நாம் உய்த்துணரவே இயலும். ஈண்டோ நேரிற் காண்கின்றோம்.

இதற்கு மறுதலையான போக்கும் உண்டு. ‘16 வயதினிலே’ (1977) படத்தில் கவுண்டமணி கூறும் “பத்த வச்சிட்டியே பரட்ட” என்னும் தொடரில் பெயர் நீங்கவில்லை. மாறாக, இருவர்க்கிடையே கலகம் மூட்டிய எவரும் அத்தொடரைக் கேட்கும் நொடியில் பரட்டை ஆகிவிடுகின்றனர். ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தில் தங்கவேலு வாயிலாக அறிமுகமான ‘மன்னார் அண்ட் கம்பெனி’ என்பதும் இவ்வகையினது. பெயர்ப்பலகை மட்டும் உள்ள நிறுவனம் எதுவும் இன்று மன்னார் கம்பெனியே. ‘வின்னர்’ (2003) படத்தின் ‘கைப்புள்ள’யும் வீண் வீரம் பேசுவார்க்குப் பொதுப்பெயர் ஆயினான். பெயர் உதிர்ந்து தொடர் பொதுவாதல் ஒன்று. பெயரே பொதுப்பெயராதல் மற்றொன்று. இரண்டன் முடிவும் ஒன்றே.

சுருங்குதலுக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறி அமைவாம். ‘ஃபிரண்ட்ஸ்’ (2001) படத்தில் ஒப்பந்ததாரர் நேசமணியாக வரும் வடிவேலு, சுவரில் ஆணி பிடுங்கும் பணியாளிடம், அவன் பிடுங்குவன எல்லாம் வேண்டாத ஆணிகளே என்று சீறுகின்றார். அம்முழுக் காட்சி இன்று ‘தேவையில்லாத ஆணி’ என்னும் ஒரு பெயரெச்சத் தொடராகச் சுருங்கி, பயனற்ற எப்பொருளையும் எச்செயலையும் குறிக்கின்றது. இனி வரும் அகராதிக்காரர் இச்சொல்லைக் கண்டு, தச்சுத்தொழிற் கலைச்சொல் எனப் பொருள் எழுதாமல் இருத்தற்கேனும் இக்கதையை நாம் எழுதிவைத்தல் நன்று. 2019 மே மாதத்தில், சுத்தியல் ஒன்றின் படத்தைக் காட்டி அதன் பெயர் கேட்ட அயலார் ஒருவர்க்குத் தமிழர் நேசமணியின் தலையில் அது விழுந்த செய்தியை விளையாட்டாகக் கூற, இல்லாத ஒப்பந்ததாரரின் நலத்திற்காக உலகம் முழுதும் இணையத்தில் வேண்டுதல் எழுந்தது. கற்பனை மாந்தன் ஒருவன் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் மக்கள் நினைவில் உயிரோடு இருந்தமைக்கு இது சான்று.

5. தொடராற் பெயர் பெற்றோர்

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வராமற் போகாது. குறுந்தொகைப் புலவருள் செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார், மீனெறிதூண்டிலார், குப்பைக்கோழியார், விட்டகுதிரையார் எனத் தம் பாட்டின் தொடராலேயே பெயர் பெற்றோர் பலர். அவர்தம் இயற்பெயரைக் காலம் விழுங்கிவிட்டது. அவர் யாத்த ஓர் உவமையை மட்டும் விட்டுவைத்தது. தொகுத்தோர் அத்தொடரையே பெயராக்கினர்.

இம்மரபு அறுபடவில்லை. ‘சிங்காரி’ (1951) படத்தில் ‘டணால்’ என்னும் சொல்லை அடிக்கடி கூறிய கே.ஏ. தங்கவேலு ‘டணால் தங்கவேலு’ ஆனார். காக்கை பிடிக்கும் நகைச்சுவையால் ராதாகிருஷ்ணன் ‘காகா ராதாகிருஷ்ணன்’ ஆனார். காக்கைபாடினியாரை அறிந்த நமக்கு இப்பெயர் புதுமையாகத் தோன்றாது. ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) படத்தில் வாய்ச்சொல்லாக வந்த ‘படாபட்’ ஜெயலட்சுமியின் பெயருக்கு முன்னடை ஆயிற்று. கன்னையாவோ, ‘நான்’ (1967) படத்தில் எதற்கும் சலித்து “என்னத்தே…” என இழுத்துப் பேசியதால் ‘என்னத்தே கன்னையா’ ஆனவர். நாற்பது ஆண்டுகள் கழித்து, முன்னர்க் கண்ட “வரும், ஆனா வராது” என்னும் தொடரையும் தந்தவர் அவரே. ஒரு தொடராற் பெயர் பெற்று, மற்றொரு தொடரை மக்களுக்கு விட்டுச்சென்ற அவரைப் போன்றார் அரியர்.

சங்கப்புலவர் பாட்டின் செப்பத்தையும் திரைத்தொடரையும் நாம் ஒருதட்டில் வைத்து நிறுக்கவில்லை. மக்கள் நினைவு தொழிற்படும் முறை இரு காலத்தும் ஒன்றே என்பதைக் காட்டுவதே நோக்கம். அந்நினைவு ஆசிரியனை விரைவில் மறக்கும். பொருந்திய தொடரை எளிதில் விடாது.

6. மறுப்பும் விடையும்

இத்தொடர்களை ஆராய்ச்சிக்கு எடுத்தல் தகாது என்பார் கூறும் காரணங்கள் மூன்று.

இவை விரைவில் மறையும் என்பது ஒன்று. உண்மையே, பல மறைந்தன. ஆயினும் 1958இன் தொடரும் 1959இன் மன்னார் கம்பெனியும் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கின்றன. எவை வாழும், எவை மாயும் என ஆராய்வதே நம் பணி. மாயும் என அஞ்சி எழுதாது விடுதல் பணியாகாது.

இவை மொழியைச் சிதைக்கின்றன என்பது இரண்டாவது. 2017இல் ‘பிக் பாஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஓவியா கூறிய “நீங்க ஷட் அப் பண்ணுங்க” என்பதை இதற்குக் காட்டுவர். ஆங்கில ஏவலோடு ‘பண்ணு’ என்னும் துணைவினை கூடியதைக் கண்டு வருந்துதல் இயல்பு. எனினும் அத்தொடரை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வாயை மூடச் சொல்லும்போதும் ‘நீங்க’ என்னும் மதிப்புப் பன்மையும், வினைமுற்றில் அதற்கு இயைந்த விகுதியும் கைவிடப்படவில்லை. சினத்திலும் பன்மை காக்கும் தமிழ் வழக்கு அயற்சொல்லின்மேல் ஏறி அமர்ந்துள்ளது. அத்தொடர் நகை பயத்ததும் அம்முரணாலேயே. சிதைவு எனத் தோன்றும் இடத்திலும் மரபு உள்நின்று இயங்குதலை மொழி ஆராய்வோர் காணாது விடுதல் கூடாது.

மூன்றாவது மறுப்பு வலியது. இத்தொடர்களிற் பல பிறரை இழிவுசெய்வன. உடற்பருமனையும் நிறத்தையும் வழுக்கையையும் எள்ளுவன உள. பெண்டிரைத் தாழ்த்துவன உள. தொழில்பற்றி இகழ்வன உள. வகுப்பறையில் ஒரு மாணவனை அவன் நிறம்பற்றித் திரைத்தொடரால் விளித்து மற்றவர் நகைக்க, அவன் தானும் நகைப்பதுபோற் காட்டித் தலைகுனிந்ததை நாம் கண்டிருக்கின்றோம். தொடர் பிறனுடையதாதலால், சொன்னவன் பழியினின்று தப்பினான். புண் மட்டும் கேட்டவனுக்கு உரியதாயிற்று. இக்குறையை நாம் மறைக்கவில்லை. ஆயின் நம் பழமொழித் தொகுப்புகளும் இக்குறைக்கு விலக்கல்ல; சாதியையும் பெண்ணையும் இழித்துரைக்கும் பழமொழிகள் அவற்றிற் குவிந்துள்ளன. அவற்றைப் போற்றுதற்கன்று, சமுதாயத்தின் மனத்தை அறிதற்கே தொகுத்தோம். அதே நெறி ஈண்டும் பொருந்தும்.

7. செய்யத்தக்கது

முன்றுறையரையனார் பழமொழி நானூற்றில் ஒவ்வொரு வெண்பாவிலும் ஒரு பழமொழியை வைத்துக் காத்தார். அவற்றுட் சில இன்றும் நாவில் உள்ளன. பல வழக்கொழிந்து உரையாசிரியர் துணையின்றி விளங்காதன ஆயின. தொடர் எஞ்சியது, அது பிறந்த சூழல் எஞ்சவில்லை. பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளையும், ஜென்சன் 1897இல் பொருள்வகை செய்த தொகுப்பையும் வெளியிட்டனர். அவ்வுழைப்பு போற்றற்குரியது. ஆயினும் அப்பழமொழிகளை முதலிற் கூறியோர் யாவர், எந்நாளில், எதற்குக் கூறினர் என்பவை அவர்க்கும் எட்டாதன.

வழங்குதொடரோ பிறந்த நாள் தெரிந்த முதுமொழி. பிறந்த ஆண்டு, பேசியோர், காட்சி, முதற்பொருள் ஆகிய யாவும் இன்று நமக்குத் தெரியும். எத்தனை ஆண்டில் பெயர் உதிர்ந்தது, எத்தனை ஆண்டில் அழுகை நகையாயிற்று, எவ்வூரில் எச்சொல் மாறிற்று என அளந்து காணும் வாய்ப்பு நமக்கு முன்னிருந்த பழமொழி ஆராய்ச்சியாளர் எவர்க்கும் கிட்டவில்லை. இவ்வாய்ப்பும் நெடுங்காலம் நில்லாது. 1958இல் அரங்கில் அமர்ந்து வீரப்பாவின் குரலைக் கேட்டோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆதலின், தொகுக்கப் புகும் மாணவர் ஒவ்வொரு தொடர்க்கும் இச்செய்திகளைக் குறித்தல் வேண்டும்: பேச்சுவடிவம் பிறழாத தொடர், அது தோன்றிய படம் அல்லது நிகழ்ச்சி, ஆண்டு, காட்சி, கேட்ட ஊரும் சொன்னவர் அகவையும், சொன்னபோது குறித்த பொருள். இவற்றுள் இறுதியதே தலையாயது. அதனை எழுதாவிடின், வருங்காலத்தார் நம் தொடர்களுக்கு உரைகாண முயன்று இடர்ப்படுவர்.

மாணவரின் தொகுப்புப்படி நம் துறையிலேயே இருந்தது. அதனை மீண்டும் எடுத்து, நாம் இட்ட சிவப்புக் கோட்டின் அருகே, ‘இத்தொடர் நிற்க’ என எழுதினோம். மூதாட்டி எப்போது அதனைச் சொன்னார் எனப் பார்த்தோம். மாணவர் அதனையும் குறித்துவைத்திருந்தார். வயது முதிர்ந்த இரு உடன்பிறந்தார், தாயை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்பதில் ஒருவர்மேல் ஒருவர் பொறுப்பைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அத்தாய் திண்ணையில் அமர்ந்து கூறியது அது. அச்சூழலில் அத்தொடரினும் பொருந்துவதொரு பழமொழியை நாம் தேடிப்பார்த்தோம், கிடைக்கவில்லை.